பால் ஊற்றாதீர்கள், பெட்டியில் வையுங்கள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆட்டுக்கு ஊசி போடப் போன காலத்தில் என் நம்பரை வாங்கிவைத்தவர்கள் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் ஆட்டுக்காக இல்லை. "ஏனுங்க டாக்டரம்மா, தென்னையில மட்டை வெட்டுனோமுங்க, அணில் குஞ்சு நாலு கீழ கெடக்குதுங்க. பால் ஊத்தட்டுங்களா?"

ஊத்தாதீங்க. எப்போதும் இதுதான் என் முதல் பதில். நல்ல மனசோடு வீட்டுக்கு எடுத்து வந்த குஞ்சும் குட்டியும் சாவதற்குக் குளிரும், அவசரப்பட்டுக் கொடுத்த பாலும்தான் பெரும்பாலும் காரணம். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்கு வயிறு வேலை செய்யாது. பஞ்சில் நனைத்து வாயில் விடும் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அன்று இரவு மூச்சு கரகரக்கும், மறுநாள் வெடியால எறும்பு மொய்த்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்திலும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலும் ரோட்டோரத்திலும் நம் கைக்கு வரும் சின்ன உயிர்களுக்கானது இது. யானை, சிறுத்தை, காட்டுப்பன்றி அடிபட்டுக் கிடந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தள்ளி நின்று வனத்துறையைக் கூப்பிடுங்கள், கூட்டம் சேர விடாதீர்கள்.

அது நிஜமாகவே அனாதையா?

குட்டியைத் தொடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் அனாதையே இல்லை.

சோளத்தட்டு அறுக்கும்போதோ, கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்குள்ளோ உள்ளங்கை அளவு முயல் குட்டி கண்ணைத் திறந்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். தாய் விட்டுப் போகவில்லை. தான் பக்கத்தில் இருந்தால் நரிக்கும் நாய்க்கும் மோப்பம் கிடைக்கும் என்றுதான் பகலெல்லாம் விலகியிருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். அறுப்பை நிறுத்த முடியாது என்றால் குட்டியை அடியிலிருக்கும் புல்லோடு சேர்த்து அள்ளி, கூப்பிடு தூரத்துக்குள் கிளுவை வேலியோரம் வைத்துவிடுங்கள். அன்று ராத்திரி தோட்டத்து நாயை மட்டும் கட்டிப்போடுங்கள், போதும். மான் குட்டிக்கும் இதே கதைதான். காட்டோரத்தில் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது அதைத் தாயிடமிருந்து பிரிப்பது.

பறவைக் குஞ்சுகளில் இரண்டு வகை உண்டு. உடம்பெல்லாம் சிறகு வந்து, வால் மட்டும் குட்டையாக, வாயோரம் மஞ்சள் மாறாமல், தரையில் தத்தித் தத்திப் போவது பறக்கப் பழகும் குஞ்சு. மைனாவும் செம்போத்தும் இப்படித்தான் சில நாள் கீழே திரியும். தாய் தகப்பன் இரண்டும் அங்கேயே வேலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. பூனை ஏறாத ஒரு செடியின் கிளையில் தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சிறகே இல்லாமல் தோல் தெரியக் கிடப்பது கூட்டிலிருந்து விழுந்தது, அதைக் கூட்டுக்குள்ளேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நம் ஆத்தாமார்கள் சொன்னது சரியில்லை. பறவைகள் குஞ்சை ஒதுக்குவதற்கு நம் கை வாசனை காரணமாவதில்லை.

கூடே பிய்ந்துபோயிருந்தால் ஒரு சின்ன மக்கிரியோ (கூடை), அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்து, உள்ளே தென்னம் பன்னாடையை வைத்து, அதே மரத்தில் நிழல் விழும் கிளையில் கட்டுங்கள். பன்னாடையில் குஞ்சின் கால் பிடித்து நிற்கும், மழைத் தண்ணீரும் தேங்காது. பிறகு தூரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு 'தாய் வரவே இல்லை' என்று சொல்லக் கூடாது.

பனை வெட்டும் இடத்தில் பனை உழவாரன் கீழே விழுந்து கிடக்கும். இதன் கால் சின்னது, தொற்றிக்கொள்ளத்தான் ஆகும், நடக்க ஆகாது. தரையிலிருந்து எழும்பச் சிரமப்படும். அடிபடாத பெரிய பறவை என்றால் சொரசொரப்பான துணியிலோ மரப்பட்டையிலோ உயரமான இடத்தில் தொற்ற வைத்தால் தானே கிளம்பிப் போகும்.

மயில் முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உழவு ஓட்டும்போது முட்டையைப் பார்த்துவிட்டு, எடுத்து வந்து அடைக்கோழிக்கு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். குஞ்சு பொரியும், உண்மைதான். ஆனால் அது கோழியையும் நம்மையும் தன் கூட்டம் என்று நினைத்து வளரும். பிறகு காட்டில் விட்டால் நாயைக் கண்டு ஓடாது. கூட்டைச் சுற்றி நாலு முழத்துக்கு உழாமல் விடுங்கள். அடை காலம் 28 நாள் அளவுதான். பொரித்த அன்றே குஞ்சுகள் தாயோடு நடந்து போய்விடும்.

பெட்டி

நிஜமாகவே அடிபட்டது, தாய் செத்தது, நாய் வாயிலிருந்து பிடுங்கியது என்றால் மூன்று விஷயம் வேண்டும்: வெதுவெதுப்பு, இருட்டு, சத்தமில்லாத இடம். மருந்துகூட அப்புறம்தான்.

ஒரு அட்டைப் பெட்டி, பக்கவாட்டில் பென்சில் அளவு ஓட்டைகள், அடியில் பழைய பருத்தித் துணி. டர்க்கித் துண்டு வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். பறவையைக் கம்பிக் கூண்டில் வைத்தால் படபடத்துச் சிறகையும் வாலையும் ஒடித்துக்கொள்ளும். ஒடிந்த சிறகு உதிர்ந்து முளைக்கும்வரை அதற்கு ஆகாயம் கிடையாது. பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வையுங்கள். சூடு போதும் என்றால் அது மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளட்டும். சித்திரை வெயிலில் மயங்கி விழுந்த பருந்துக்கு மட்டும் பாட்டில் வேண்டாம், நிழலும் காற்றும் போதும்.

மூடியபின் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவதும், வாட்ஸ்அப்புக்குப் படம் எடுப்பதும் அதற்கு இன்னொரு அடி. மானுக்கும் முயலுக்கும் பயமே உயிரை எடுக்கும். காயமே இல்லாமல், துரத்திப் பிடித்த அதிர்ச்சியில் தசை சிதைந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போகும். மானைத் தூக்க வேண்டி வந்தால் முதல் வேலையாகத் துண்டால் கண்ணைக் கட்டுங்கள்.

பறவையைத் துணியில் சுற்றும்போது நெஞ்சை இறுக்கக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் அதற்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறக்கை தொங்கினால் மடங்கியிருக்கும் இயல்பான நிலையில் உடம்போடு சேர்த்து லேசாகச் சுற்றி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அணில் குட்டிகள்

அதிகம் வரும் போன் இதற்குத்தான். மரம் ஏறுகிறவர் மட்டையை வெட்டித் தள்ளும்போது நாரும் பஞ்சும் கந்தலும் சேர்ந்த உருண்டையாகக் கூடு விழும். கண் திறக்காத குட்டிகள், முதுகில் கோடு மட்டும் மங்கலாகத் தெரியும்.

தாய்க்கு வேறு கூடும் இருக்கும். குட்டியை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போக அதற்குத் தெரியும். நாம் வழி விட வேண்டும். குட்டிகளை அதே கூட்டு நாரோடு மக்கிரியில் வைத்து, அடியில் வெந்நீர் பாட்டில் போட்டு, அதே மரத்தில் நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். எறும்பு ஏறுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள். வேலையாட்கள் எல்லோரும் அடுத்த பாத்திக்குப் போய்விட வேண்டும். முதலில் தாய் மரத்தின் பின்பக்கமாகவே இறங்கி வந்து தலையை நீட்டிப் பார்க்கும், திரும்ப மேலே ஓடும், மறுபடி வரும். அந்த நேரத்தில் யாராவது கிட்டே போனால் எல்லாம் வீண். பாட்டில் ஆறினால் மாற்றுங்கள். அணில் பகலில் நடமாடுவது, இருட்டிவிட்டால் வராது. பொழுதோட ஆகியும் குட்டி அப்படியே இருந்தால் உள்ளே எடுத்துக்கொண்டு மறுநாள் வெடியால ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

தாய் வரவே இல்லை, வனத்துறையிடமோ மருத்துவரிடமோ சேர்க்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால்தான் ஊட்டுவது. முதலில் வயிற்றை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். உங்கள் விரலைவிடச் சில்லென்று இருந்தால் இன்னும் சூடு ஏறவில்லை, ஒன்றும் கொடுக்காதீர்கள். சூடேறிய பின் மருந்துக்கடை ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் போட்ட அளவுக்கே கரைத்து வெதுவெதுப்பாக்கி, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் எடுங்கள். குட்டியை மல்லாத்தக் கூடாது. உள்ளங்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, உதட்டோரம் ஒரு துளி. அது நக்கி விழுங்கிய பிறகு அடுத்த துளி. முன்னங்கால் இரண்டாலும் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். அந்த வேகத்துக்கு நாமும் அழுத்தினால் மூக்கு வழியாக நுரை வரும். வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைத்துவிடுங்கள்.

மாட்டுப்பால், பாக்கெட் பால் வயிற்றாலை போக வைக்கும். நாய்க்குட்டிகளுக்கு விற்கும் பால் பொடி கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டில் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது, அதுதான் ஒத்துப்போகும். ஊட்டி முடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டுத்தான் குட்டி மூத்திரம் போகும். இது தெரியாமல், நன்றாகக் குடித்த குட்டி ஏன் வயிறு வீங்கிச் செத்தது என்று கேட்கிறவர்கள் நிறைய.

கூகை

கூகை ஆந்தையைச் சாக்குருவி என்று கல்லால் அடித்துக் கொண்டுவந்து போடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நம் தென்னந்தோப்பிலும் கடலைக்காட்டிலும் எலியைத் தின்று ஒழிக்கும் பறவையை வேறு எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கூப்பிடலாம். அது கத்தினால் வீட்டில் சாவு என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது.

பழைய கிணற்றுப் பொந்து, பாழடைந்த சாளை (தோட்டத்து வீடு), கோயில் கோபுரம் இவற்றில்தான் குஞ்சு வைக்கும். கீழே விழுந்த குஞ்சு வெள்ளைப் பஞ்சு உருண்டையாக, இதய வடிவ முகத்தோடு, பாம்பு சீறுவதுபோலச் சீறும். தலையைத் தாழ்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டும். மிரண்டால் மல்லாந்து படுத்துக் காலை நீட்டும். கவனிக்க வேண்டியது அலகை அல்ல, அந்த நகங்களை. கனமான துண்டை மேலே போட்டு, துணியோடு சேர்த்து இரண்டு காலையும் ஒன்றாகப் பிடியுங்கள். காயம் இல்லையென்றால் பொழுது சாயும் முன் அதே பொந்தில் வைத்துவிடுங்கள். பெரியது இரவில் வந்து இரை கொடுக்கும்.

காத்திருக்க வேண்டி வந்தால் வெறும் சதையாகக் கோழிக்கறி போடாதீர்கள். எலியை எலும்பும் முடியுமாக முழுசாகத் தின்று வளரும் பறவை அது, எலும்புச் சத்து இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும். பொறியில் சிக்கிய எலி நல்லது. விஷம் வைத்துச் செத்த எலியைக் கொடுத்தால் கூகையும் சாகும். தின்றதை முடியும் எலும்புமாகச் சுருட்டி உருண்டையாகக் கக்கினால் பயப்பட வேண்டாம், அதன் சீரணமே அப்படித்தான்.

வந்த விதத்தைப் பொறுத்து

பூனை கவ்வியது என்றால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும்.

எலிக்கு வைத்த பசை அட்டையில் சிட்டோ ஓணானோ ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். அட்டையில் மிச்சமிருக்கும் பசை மேல் மாவைத் தூவி மறுபடி ஒட்டாமல் செய்துவிட்டு, சமையல் எண்ணெயை விரலில் தொட்டு, ஒட்டிய ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். வலையில் சிக்கிய வௌவாலுக்கும் பாம்புக்கும் வலையைச் சுற்றி வெட்டித் துண்டோடு விடுவிப்பதுதான் சரி. வலை இறுகிய இடத்தில் தழும்பு இருந்தால் அன்றே பறக்க விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், தோல் பின்னால் அழுகும். வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. பாம்பைப் பிடிக்கத் தெரிந்தவர் மட்டும் தொடட்டும்.

மயில் வாயில் எச்சில் ஒழுக, உடம்பு நடுங்க, கால் மடங்கிக் கிடந்தால் விஷம் தடவிய தானியத்தைத் தின்றிருக்கலாம். வெள்ளாமையை மயில் அழிக்கும் கோபம் எனக்குப் புரியும், நானும் தோட்டக்காரி. ஆனால் விஷம் வைப்பது குற்றம், அதைத் தின்று செத்ததை இழுத்துப் போகும் நாயும் கழுகும் சேர்ந்து சாகும். இப்படி எச்சில் ஒழுகி நடுங்க வைக்கும் பூச்சிமருந்து பலவற்றுக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து உண்டு, மருத்துவர் கையில் நேரத்துக்குப் போனால் பிழைக்கலாம். கக்கிய தானியத்தை ஒரு பாலித்தீன் கவரில் எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

கிணற்றில் மரநாயோ கீரியோ உடும்போ விழுந்தால், நீந்திக் களைத்துப் போகும் முன் காலி கேன் கட்டிய மக்கிரியை மிதக்க விடுங்கள். பிறகு கயிறு சுற்றிய நீளமான மூங்கிலைச் சாய்வாக இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் போய்விடுங்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் ஏறாது. மான் விழுந்தால் 101. தீயணைப்புக்காரர்கள் வருவார்கள்.

நட்சத்திர ஆமை ரோட்டைக் கடந்தால் அது போகும் திசையிலேயே தூக்கி வைத்துவிடுங்கள். தொட்டியில் போட்டால் மூழ்கிச் சாகும், அது தரை ஆமை. கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் தேவாங்கு ரோட்டில் இருந்தால் நீளமான குச்சியை நீட்டுங்கள், பிடித்துக்கொள்ளும், மரத்தில் சேர்த்துவிடலாம். 2022-ல் அங்கே அதற்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். முள்ளெலி பந்தாகச் சுருண்டு கிடந்தால் செத்ததில்லை, வேலிக்குள் வைத்துவிட்டு விலகினால் விரிந்து போகும். பட்டப்பகலில் தள்ளாடித் திரிந்தால்தான் நோய், அதைப் பெட்டிக்கு எடுங்கள். அதன் முள்ளைச் சுட்டு இருமலுக்குக் கொடுக்கும் பழக்கத்தை இனி விட்டுவிடலாம்.

நம் வீட்டு மருந்து எதுவும் வேண்டாம்

ஆட்டுப் புண்ணுக்கு ஊற்றும் வேப்பெண்ணெய், கற்பூரம், மண்ணெண்ணெய் எல்லாம் இதற்கு விஷம். எண்ணெய் பட்ட சிறகு உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்காது, பறக்கவும் ஆகாது. பசை அட்டைக்கு வேறு வழியில்லாமல்தான் விரலில் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். நமக்குக் கொடுக்கும் வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுக்கக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். நம் வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் மிச்சம் இருக்கின்றன. ஒரு மருந்து எந்த உயிருக்கு என்ன செய்யும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நரி, கீரி, மரநாய், குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பகலில் பயமே இல்லாமல் ஊருக்குள் வரும் நரியிடம் இரக்கப்பட்டுக் கிட்டே போகாதீர்கள்.

ஒப்படைப்பதும் விடுவதும்

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு உயிர் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ள அந்த 48 மணி நேரத்தை யாரும் தரவில்லை. முதல் நாளே வனவருக்குப் போன் போட்டு, நேரம், இடம், கிடந்த நிலை சொல்லுங்கள். அவர் சொல்லி உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காட்டினால் மருத்துவருக்கும் தயக்கம் இருக்காது. எலும்பு முறிவு போன்ற பெரிய வேலைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிழைக்க வழியே இல்லாத காயம் என்றால், வலியில்லாமல் முடித்துவைப்பதும் சிகிச்சைதான். மருத்துவர் அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள்.

விடும்போது எடுத்த இடத்திலேயே விட வேண்டும். ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைப்பது தப்பு, அங்கே அதற்குத் தண்ணி எங்கே, பொந்து எங்கே என்று தெரியாது, அங்கிருப்பவை அதை விரட்டும். பகலில் நடமாடுவதை வெடியாலயும், கூகையையும் முள்ளெலியையும் கருக்கலிலும் விடுங்கள். மழையிலோ, காக்கைகள் கூடியிருக்கும்போதோ வேண்டாம். தானே இரை எடுக்கிறதா, ஆளைக் கண்டால் ஒதுங்குகிறதா, பறவை என்றால் தரையிலிருந்து நேராக எழும்பி உயரம் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். கூப்பிட்டால் தோளில் வந்து உட்காரும் மைனாவைப் பார்த்து ஊரே சந்தோஷப்படும். அது அடுத்த வீட்டுக்காரர் தோளிலும் போய் உட்காரும், அங்கே பூனை இருக்கும். அதனால் கையில் இருக்கும் நாளில் பேர் வைக்காமல், பேசாமல், தடவாமல், ஊட்டுகிறவர் ஒருவரே ஊட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

சாளையில் ஒரு அட்டைப் பெட்டி, பழைய பருத்தித் துணி இரண்டு, கனமான துண்டு, தோல் கையுறை, ஓஆர்எஸ் பாக்கெட், ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சு இவற்றை ஒரு பையில் போட்டு மாட்டி வையுங்கள். மோட்டார் ரூம் சுவரில் லைன்மேன் நம்பருக்குப் பக்கத்தில் வனவர், வனச்சரக அலுவலகம், கால்நடை மருந்தகம், 101 என்று பெரிசாக எழுதுங்கள். வனவர்களுக்கு அடிக்கடி இடமாற்றம் வரும். புதியவர் வந்ததும் பழைய நம்பரை அழித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.